எமில் ஹார்ட்விக் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை

1

இந்தக் கதை ஓர் அடுப்புக் கதவிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் சொன்னால் நானாகச் செருகியது போல் இருக்கும்.

என் பெயர் பிரிட்டா ஓஸ். பகலில் எல்ஸ்டன் மாவட்டத் தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை. லாரி சுமையோடு வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுப் போகும்போது ஓர் எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது கோதுமை. ஓட்டுநர் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு, கருவி காட்டுவதைத்தான் எழுத வேண்டும். இந்தப் பழக்கம் நாட்குறிப்புக்கு உதவுகிறது. கதைக்கு உதவுமா என்று தெரியவில்லை.

செவ்வாய்தோறும் மாலையில், நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஊர் வரலாறு எழுதும் வகுப்பு நடக்கிறது. ஒன்பது பேர். எட்டுப் பேர் ஓய்வுபெற்றவர்கள், ஒன்பதாவது நான். சொல்லித்தரும் கோரின் ஹைட் முப்பது வருடம் இங்கே வாரப் பத்திரிகை நடத்தியவர். பென்சில் இல்லாமல் அவர் கையை நான் பார்த்ததில்லை.

மாவட்டத்துக்கு நூற்றைம்பது வயது ஆகிறது. அதற்காக ஒரு புத்தகம் வருகிறது. ஒரு காலத்தில் இங்கே நூற்றுப் பத்து ஓரறைப் பள்ளிகள் இருந்தன. அவற்றில் ஒன்பதை வகுப்பில் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தபோது எனக்கு வந்தது நாற்பத்தேழாம் எண் பள்ளி. அது நின்ற இடத்தில் ஒரு கருங்கல்லும் நடப்போகிறார்கள், அங்கே படித்த அறுபத்தொரு பேரின் பெயர்களோடு. பட்டியல் தயாரிப்பது என் பொறுப்பு.

இந்தக் கதை அந்தப் பட்டியலில் ஒரு வரியைப் பற்றியது.

2

தொடக்கங்கள்.

முதலாவது: "அலையலையாய்ப் புல் அசையும் பரந்த சமவெளியில், தன்னந்தனியே ஒரு வெள்ளைக் கட்டடம்—"

(ஓரத்தில் கோரினின் பென்சில்: "புல்லை உழுது நூறு வருஷம் ஆச்சு. நீ எங்க பாத்த?")

இரண்டாவது: "ஓடைக்குத் தெற்கே நார்வேக்காரர்கள் குடியேறினார்கள், வடக்கே செக் மக்கள். தெற்கே ஞாயிறன்று மூன்று மணி நேரம் ஜெபம். வடக்கே பல வீடுகளில் கடவுளே கிடையாது, அந்த மூன்று மணி நேரமும் பேண்டு வாத்தியம். இரு சாராருக்கும் பொதுவாக இருந்தது பள்ளிக்கூடம் ஒன்றுதான்; அதுவும்—"

இது உண்மை. ஆனால் இதன் பின்னால் என்ன வரும் என்று தெரியாமல் நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது: "எமில் ஹார்ட்விக் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை."

இதை வைத்துக்கொண்டேன். இது நான் எழுதியதல்ல. வருகைப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. 1936 செப்டம்பர் முதல் 1938 மே வரை, இரண்டு பனிக்காலங்கள் உட்பட, அவன் பெயருக்கு நேரே ஒரு வெற்றுக் கட்டம்கூட இல்லை.

3

நினைவுக்கல் குழுவின் தலைவர் டுவேன் நெஸ். ஓய்வுபெற்ற பீட்கிழங்கு விவசாயி. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், தண்ணீர் போன்ற காப்பியைச் சுற்றி, குழு கூடியது.

"ஒரு பேருக்கு ரெண்டு ஆதாரம். அதான் என் சட்டம்," என்றார் டுவேன். "ஞாபகம் இருக்குன்னு யாராவது வந்தா, ஞாபகத்துலயே வெச்சுக்கச் சொல்லுங்க. கல்லுல வேணாம்."

நான் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். எமில் ஹார்ட்விக் வந்ததும் காகிதங்களை மேசையில் அடுக்கினேன். பதிவேடுகள், மதிப்பெண் அட்டைகள், கையெழுத்துப் பயிற்சி நோட்டு, முழு வருகைக்கான சான்றிதழ் வழங்கிய மாவட்டக் குறிப்பு.

டுவேன் எண்ணினார். "ஏழு! இந்தப் பையனுக்கு ஏழு! ஏம்மா பிரிட்டா, உங்க தாத்தாவுக்கு எத்தனை?"

"ரெண்டு."

"அதுல ஒண்ணு, மேசையில பேரைக் கீறினதுக்கு எழுதிக் குடுத்த மன்னிப்புக் கடுதாசி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தாத்தா அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தவர். அவர் அப்பா, என் கொள்ளுத்தாத்தா, பள்ளிக் குழுவின் செயலாளர். எமிலின் சேர்க்கைப் படிவத்தின் கீழே கையெழுத்திட்டிருப்பது அவர்தான்.

4

(இந்தப் பகுதியில் குளிர்காலத்தை வருணித்திருந்தேன். எடுத்துவிட்டேன். இங்கே குளிரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.)

5

ஏழு ஆதாரங்கள் உள்ள ஒருவனைப் பற்றி மேற்கொண்டு நான்கு வரி எழுதலாம் என்று தேடினேன். அப்பா பெயர் என்ன, எங்கே நிலம், பிறகு என்ன ஆனான்.

ஒன்றும் இல்லை. எல்ஸ்டன் மாவட்டத்தில் ஹார்ட்விக் என்ற பெயரில் யாரும் நிலம் வாங்கவில்லை, விற்கவில்லை, பிறக்கவில்லை, சாகவில்லை. மக்கள்தொகைக் கணக்கில் இல்லை. இரண்டு கல்லறைத் தோட்டங்களிலும் இல்லை.*

பிறகு நீதிமன்றப் பெட்டகத்திலிருந்து ஒரு புகைப்படம் கிடைத்தது. ஆளில்லாத வகுப்பறை. ஐந்து மேசை, கோட்டு மாட்ட ஐந்து கொக்கி, நடுவில் வார்ப்பிரும்பு அடுப்பு. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அடுப்புக் கதவில், செய்த பட்டறையின் பெயர் புடைத்து நின்றது: ஹார்ட்விக்.

எடைமேடையில் சில சமயம் காலி லாரியும் சுமை லாரியும் ஒரே எடை காட்டும். அப்போது கருவியைத் தட்டிப் பார்ப்போம். நான் பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஹார்ட்விக்.

* ஆமாம், இரண்டு கல்லறைத் தோட்டம். சாவிலும் ஓடை நடுவில் ஓடுகிறது.

6

அந்த வருடங்களில் அங்கே படித்தவர்களில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். விளாஸ்டா ஹாவ்லிக், தொண்ணூற்று மூன்று வயது. முப்பத்தெட்டு வருடம் மாவட்ட மருத்துவமனையில் செவிலி. இப்போது முதியோர் இல்லத்தில் சீட்டாட்டத்தில் எல்லாரையும் தோற்கடித்துக்கொண்டிருக்கிறார்.

"வாடி எடைமேடை," என்றார். "இன்னிக்கு எத்தனை லாரி?"

"நாப்பத்தி ரெண்டு, மிசஸ் ஹாவ்லிக்."

"உக்காரு. அந்தச் சீட்டுக்கட்டைக் கலைச்சுப் போடு. என்ன கேக்கணும்?"

"எமில் ஹார்ட்விக்."

அவர் தன் சீட்டுகளைக் கையில் விரித்துக்கொண்டார்.

"அடுப்பைப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"சரி, கேட்டுக்கோ. அஞ்சு பிள்ளைங்க இல்லைன்னா பள்ளிக்கூடத்தை மூடிடுவாங்க. நாங்க நாலு பேரு. நானு, எங்க அண்ணன், உங்க வீட்டுப் பசங்க ரெண்டு. அடுத்த பள்ளிக்கூடம் ஏழு மைலு. மிஸ் மோயன், எங்க டீச்சர், குழுவைக் கூட்டி, அஞ்சாவதா ஒரு பையனை எழுதிக்கலாம்னாங்க. உங்க நார்வே ஆளுங்க உடனே, அப்போ அவன் லூத்தரன் சபைன்னு போடணும்னாங்க. எங்கப்பா, இல்லாத பையனுக்கு இல்லாத கடவுள் எதுக்குன்னாரு. ஒரு மணி நேரம் சண்டை! பிறக்காத பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கறதா வேணாமான்னு!"

"அப்புறம்?"

"மிஸ் மோயன் திரும்பி அடுப்பைப் பாத்தாங்க. 'ஜெர்மன்காரப் பையன். பேரு ஹார்ட்விக். முடிஞ்சுது, எல்லாரும் வீட்டுக்குப் போங்க'ன்னாங்க."

"அவன் நோட்டை யார் எழுதினது?"

"நாங்கதான், மாத்தி மாத்தி."

"மாவட்டக் கல்வி மேற்பார்வையாளர் வந்தப்போ? சான்றிதழ் குடுத்ததா குறிப்பு இருக்கே."

"எமிலுக்குக் காய்ச்சல்னு சொன்னோம். காகிதத்தை மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டாரு. வெட்டு, உன் ஆட்டம்."

இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஊர் கூடி ஒரு பையனைக் கற்பனை செய்தது; அவன் புண்ணியத்தில் நான்கு பிள்ளைகள் படித்தார்கள்; அவர்களில் ஒருவர் என் தாத்தா. அவர் வாசிக்கக் கற்றதால் எங்கள் வீட்டில் புத்தகம் இருந்தது, புத்தகம் இருந்ததால் நான் செவ்வாய்தோறும் கீழ்த்தளத்துக்குப் போகிறேன். அடுப்புக் கதவுக்கு நன்றி என்று ஒரு வரி எழுதி முடித்தேன்.

வகுப்பில் வாசித்தேன். கைதட்டினார்கள். கோரின் மட்டும் தாளைத் திருப்பித் தரும்போது ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "புத்தி உள்ள டீச்சர் இல்லாத பையனுக்கு எதுக்கு முழு வருகை போடணும்? இடையில நாலு நாள் சளி பிடிச்சிருந்தா யாரும் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்களே."

7

(நேர்த்தியாக எழுதுபவர்களுக்கு இந்தக் கேள்வி முன்பே தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. என் பாத்திரத்தை நான் சந்தேகித்தது போதவில்லை.)

மறுபடி போனேன். சீட்டுக்கட்டு இல்லை. விளாஸ்டா சன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"வருவேன்னு தெரியும்," என்றார். "போன தடவை பாதிதான் சொன்னேன். உங்க கொள்ளுத்தாத்தா அதுல கையெழுத்துப் போட்டவரு. நீ அதைப் பெருமையா எழுதுவியா, மறைப்பியா, எதுவும் தெரியாம எப்படிச் சொல்றது? அதோட, வெளிய சொல்ல மாட்டோம்னு மிஸ் மோயன்கிட்ட நாங்க நாலு பேரும் சத்தியம் பண்ணியிருந்தோம். எண்பத்தி மூணு வருஷம் ஆச்சு. மத்த மூணு பேரும் காப்பாத்திட்டுப் போயிட்டாங்க."

"எதை?"

"அந்த அஞ்சாவது மேசையில ஒருத்தி உக்காந்திருந்தா."

நான் நோட்டை மூடினேன். ஏன் மூடினேன் என்று தெரியவில்லை. எழுதாமல் கேட்க வேண்டியது என்று பட்டது.

"பீட் வயல்ல வேலைக்கு வந்த மெக்சிகோக்காரக் குடும்பம். முந்தின வருஷ அறுப்பு முடிஞ்சும் போக வழியில்லாம குடிசையில தங்கிட்டாங்க. மிஸ் மோயன் அங்க ஒரு பொண்ணைப் பாத்தாங்க, என் வயசு. அஞ்சாவது ஆள் கிடைச்சாச்சேன்னு ஓடிப்போய்க் கேட்டா, அவங்க அப்பா சொன்னாராம்: 'பொண்ணு வரலாம். பேரு வரக்கூடாது.' பேரு அரசாங்கக் காகிதத்துல ஏறிச்சுன்னா ரயில்ல ஏத்தி மெக்சிகோவுக்கே அனுப்பிடுவாங்கன்னு பயம். அப்போ அப்படித்தான் அனுப்பிட்டிருந்தாங்க."

"அதனாலதான் எமில்."

"அதனாலதான். பொண்ணு பேரா வெச்சா யாராவது ஒரு பொண்ணைத் தேடுவாங்க. பையன் பேருன்னா தேடுறவன் பையனைத்தானே தேடுவான்? நான் சொன்ன சண்டை எல்லாம் நெஜம்தான். ஆனா ஞானஸ்நானம் பத்தி அவங்க அடிச்சுக்கிட்டப்போ அவ கதவோரம் நின்னுட்டிருந்தா. ஒரு வார்த்தை புரியாம சிரிச்சா."

"அவ பேரு என்ன?"

"சாயோன்னு கூப்பிடுவோம். செல்லப் பேரு. முழுப் பேரு மிஸ் மோயனுக்குத்தான் தெரியும். அவங்களும் எங்கயும் எழுதல. சாப்பாட்டு டப்பா மட்டும் எமில் பேருல. ரெண்டு வீட்டு அம்மாக்களும் மாத்தி மாத்திக் குடுத்தனுப்புவாங்க. ஒரு நாள் எங்க வீட்டு கோலாச் பன்னு, ஒரு நாள் உங்க வீட்டு லெஃப்ஸ் ரொட்டி. உங்க ரொட்டியைப் பிரிச்சுப் பாத்துட்டு, 'இது எங்கம்மா சுடுறதேதான். உப்புதான் மறந்துட்டாங்க'ன்னா. உங்க தாத்தா ஒரு வாரம் அவகூடப் பேசல."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்டோபர்ல விடியுறதுக்கு முன்னாடி வயல்ல பீட் கிழங்குத் தலையை இலையோட வெட்டிட்டு, ஒம்பது மணிக்கு வந்து உக்காருவா. கை எல்லாம் வெடிச்சிருக்கும். ஒரு நாள் வரலைன்னாலும் எண்ணிக்கை நாலாயிடும்னு யாரோ அவகிட்ட சொல்லி வெச்சுட்டாங்க. அப்படி ஒரு கணக்கே கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் எண்ணுவாங்க. அவ நம்பிட்டா."

"யார் சொன்னது?"

"நான்தான். ஒம்பது வயசு எனக்கு. பள்ளிக்கூடம் மூடினா, பொட்டப்பிள்ளை வீட்ல இருக்கட்டும்னு எங்கப்பா சொல்லியிருந்தாரு."

8

மேற்பார்வையாளர் வந்த நாள். இரண்டு வடிவங்கள்.

முதல் வடிவம் உங்களுக்குத் தெரியும்: காய்ச்சல், மேசை மேல் காகிதம்.

இரண்டாவது வடிவத்தை விளாஸ்டா சொன்னபடியே தருகிறேன்.

"பெரிய ஆளு. தொப்பியைக் கழட்டாமலே உள்ள வந்தாரு. நீல ரிப்பன் கட்டின சான்றிதழ். 'எமில் ஹார்ட்விக்'னு படிச்சாரு. யாரும் அசையல. மிஸ் மோயன் சன்னலுக்கு வெளிய பாத்துட்டிருக்காங்க. ரெண்டாவது தடவை படிச்சாரு. சாயோ எழுந்தா. ரெட்டைச் சடை, என் பழைய கவுனு. நேரா நடந்து போய் அவர் முன்னாடி நின்னா. அவரு காகிதத்தைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு. அப்புறம் தொப்பியைக் கழட்டினாரு. கையை நீட்டி, 'வாழ்த்துகள், எமில். ரெண்டு பனிக்காலம். நானே அவ்வளவு ஒழுங்கா வேலைக்கு வந்ததில்ல'ன்னாரு. அவ சான்றிதழை வாங்கி மடிக்காம நெஞ்சோட பிடிச்சுக்கிட்டா. அவ்வளவுதான். இலையுதிர்காலத்துல நாங்க திரும்பி வந்தப்போ குடிசை காலி."

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே நம்பவில்லை. கேட்பவரின் மனம் குளிரட்டும் என்று எண்பத்து மூன்று வருடம் மெருகேறிய காட்சி போல் இருந்தது.

ஆகவே பதிவேட்டை மறுபடி எடுத்தேன். மேற்பார்வையாளர் வருகை தந்த தேதி, 12 மே 1938. அன்றைய பக்கத்தின் அடியில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. அதே பக்கத்தில், எமில் ஹார்ட்விக்குக்கு நேரே, வந்திருந்தான் என்ற குறி.

காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் அந்தக் கட்டத்தில் விடுப்பு இருந்திருக்க வேண்டும். அவர் அந்த அறையில் இருந்தார். ஐந்து பிள்ளைகளைப் பார்த்தார். ஐந்து பேர் என்ற பக்கத்தில் கையெழுத்திட்டார்.

சுமையிலிருந்து காலியைக் கழித்துப் பார்த்தேன். மிஞ்சியது ஒரு பெண்.

9

குழுவின் அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் வாசித்தேன். கொள்ளுத்தாத்தா தெரிந்தே பொய்ச் சேர்க்கையில் கையெழுத்திட்டார் என்பதையும் வாசித்தேன். முடிவில், விளாஸ்டா கேட்டதைச் சொன்னேன்: எமிலின் வரியில் சாயோவின் பெயர் வர வேண்டும். தான் கண் மூடுவதற்குள் வர வேண்டும்.

டுவேன் வெகுநேரம் காப்பியைக் கலக்கினார். சர்க்கரை போடாத காப்பி.

"எந்த வயல்?" என்றார்.

"ஓடைக்குத் தெற்க. பழைய நெஸ் பண்ணை."

"எங்கப்பாவோடது."

கூட்டம் அத்துடன் கலைந்தது.

இரண்டு நாள் கழித்து அவருடைய வண்டி எடைமேடையில் ஏறி நின்றது. பின்னால் சுமை எதுவும் இல்லை. சன்னலை இறக்கி, ஒரு பழைய கையடக்க நோட்டை நீட்டினார்.

"ராத்திரி முழுக்க எங்கப்பா பெட்டியைக் கிளறினேன்மா. நீயே பாரு."

1936ஆம் வருடப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: மெக்சிகோக்காரர். ஆறு பேர்.

"ஆறு பேர்," என்றார் டுவேன். "மாட்டுக்கெல்லாம் பேரு எழுதி வெச்சிருக்காரு. அடுத்த பக்கத்தைப் பாரு. டெய்சி. ரூபி. கிளாரா."

பார்த்தேன். உண்மைதான்.

"என் சட்டத்தை மாத்த மாட்டேன்," என்றார். "மாத்தினா நாளைக்கு ஊர்ல பாதிப் பேரு அவங்கவங்க வீட்டு நாயைக் கல்லுல ஏத்தச் சொல்லுவாங்க. ஆனா விளாஸ்டாவை ஒரு ஆதாரம்னு எழுதிக்கோ. காகிதம் இல்லாட்டியும். இன்னொண்ணு வேணும். முழுப் பேரு வேணும். அதுவரைக்கும் அந்த வரியில எமிலும் வேணாம்."

பின்னால் லாரி ஒலியெழுப்பியது. "இருய்யா, எடை போட்டுட்டிருக்காங்க இல்ல?" என்று திரும்பிக் கத்திவிட்டு நகர்ந்தார்.

10

முடிவுகள்.

(அ) கல்லில் எமில் ஹார்ட்விக். ஏழு ஆதாரங்களோடு. எந்தக் கேள்வியும் வராது.

(ஆ) கல்லில் சாயோ. குடும்பப் பெயர் இல்லாமல், டெய்சிக்கும் ரூபிக்கும் நடுவில் எழுதியது போல. எழுதிப் பார்த்தேன். கண்ணுக்குப் பொறுக்கவில்லை.

(இ) அவளைக் கண்டுபிடிக்கிறேன், அவளும் விளாஸ்டாவும் சந்திக்கிறார்கள், முதியோர் இல்லத்தின் சன்னலில் வெயில்— (இதை நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நன்றாகவே வந்திருக்கிறது. ஒரு சொல்கூட நடக்கவில்லை. இந்த ஊர் ஏற்கெனவே ஒரு ஆளைக் கற்பனை செய்து, நிஜமான ஒருத்தியை அதன் பின்னால் மறைத்திருக்கிறது. காரணம் நல்லதுதான். இரண்டாவது முறை அதை நான் செய்ய மாட்டேன்.)

வெள்ளிக்கிழமை பட்டியலை அனுப்பினேன். அறுபது பெயர். எமில் இருந்த இடத்தில், விளாஸ்டாவின் பெயருக்கு மேலே, ஒரு வரி வெற்றாக. கல் செதுக்குபவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு பேரு விட்டுப் போச்சு."

"விட்டுப் போகல. இடம் விட்டிருக்கு."

"எவ்வளவு நாளைக்கு?"

கல் நட்ட பிறகும் நின்ற இடத்திலேயே செதுக்க முடியுமா என்று கேட்டேன். ஒரு வரிதானே, உளியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்றார். அவருக்கு என் நன்றி. பாத்திரத்தை நம்பாமல் கேள்வி எழுதிய கோரினுக்கு நன்றி. சன்னலுக்கு வெளியே பார்த்த மிஸ் மோயனுக்கும், தொப்பியைக் கழற்றியவருக்கும். உப்பு மறந்த லெஃப்ஸுக்கும். என் தாத்தா எட்டு வருடம் படித்ததில் இரண்டு வருடம், வெடித்த கையோடு ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தவளுக்கு. நன்றியை முகவரி இல்லாமல் அனுப்புவது எப்படி என்றுதான் தெரியவில்லை.

விளாஸ்டாவிடம் போய்ச் சொன்னேன். இடம் விட்டிருக்கிறோம் என்று.

"நான் ஒரு ஆதாரமா?" என்றார்.

"ஆமா. டுவேனே சொன்னாரு."

"அப்போ அவன்கிட்ட சொல்லு, ஆதாரத்துக்குத் தொண்ணூத்தி மூணு வயசு, மூட்டு வலி, ரத்தக் கொதிப்புன்னு. ரொம்ப நாள் அலமாரியில வெச்சிருக்க முடியாதுன்னு சொல்லு." பிறகு சீட்டுக்கட்டைத் தேடி எடுத்தார். "கலைச்சுப் போடு."

ஆகவே இந்தக் கதையின் முடிவு என்னிடம் இல்லை. அது எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறது. தகரப் பெட்டியிலோ, மரப் பேழையிலோ, துணிகளுக்கு அடியில். நீல ரிப்பன் வெளுத்திருக்கும். மடிப்பு இருக்காது. எல்ஸ்டன் மாவட்டம், நாற்பத்தேழாம் எண் பள்ளி, முழு வருகை. அந்த வீட்டுப் பிள்ளைகள் அதை எடுத்துப் பார்த்து, எமில் ஹார்ட்விக் என்பவன் யார், நம் குடும்பத்தில் இப்படி ஒரு பேரே கிடையாதே, இதை ஏன் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருப்பார்கள்.

அது உங்கள் வீடாக இருந்தால், எமில் யார் என்று எனக்குத் தெரியும். அவள் பெயர் உங்களுக்குத் தெரியும்.

வாருங்கள். விளாஸ்டாவுக்கு மேலே ஒரு வரி காலியாக இருக்கிறது.